டெர்மக்ஸ் கட்டளைகள் வேலை செய்ய மறுக்கும்போது: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தல்

ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் செயலியை நிறுவிக் கட்டளைவரிக் கருவிகளைப் பழகத் தொடங்குகிறவர்களுள் பலர், முதல் பிழைச் செய்தியைக் கண்டவுடன் செயலியையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். நீங்கள் எழுதிய கோப்புகள், நிறுவிய கருவிகள், மாற்றிய அமைப்புகள் அனைத்தும் அந்தச் செயலிக்கென ஆண்ட்ராய்டு ஒதுக்கிய தனி அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) இருக்கின்றன. செயலியை நீக்கினால் அந்த அடைவும் சேர்ந்து அழிந்துவிடும். அழிந்தவற்றை மீட்டெடுக்கும் வழி அதில் இல்லை. கீழே வரும் அறிகுறிகளுள் செயலியை நீக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை ஒன்றே ஒன்றில்தான் வருகிறது. மற்ற எல்லாவற்றையும் உங்கள் கோப்புகள் கெடாமலே சரிசெய்யலாம்.

பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளிலும், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பங்களிலும், கணினி இல்லாமல் கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். டெர்மக்ஸில் ஓடும் பாஷ், கிரெப், பைத்தான், கிட் ஆகியவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல. கோயம்புத்தூரின் மென்பொருள் நிறுவனங்களில் உள்ள சர்வர்களில் ஓடுவதும் இவைதான். கைபேசியில் பழகியது கணினிக்கு மாறும்போது வீணாகாது.

தட்டச்சு பற்றி ஒரு சொல்: கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்க வேண்டும். 'பிகேஜி' என்றால் பி, கே, ஜி என்னும் மூன்று எழுத்துகள். முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்துவிட்டாலோ, கட்டளையின் பெயருக்குள் வரும் சிறு கோட்டுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டுவிட்டாலோ, அப்படியொரு கட்டளை இல்லை என்று பிழைச் செய்தி வரும். டெர்மக்ஸ் பின்பற்றும் லினக்ஸ் இயங்குதள முறையில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

அறிகுறி: செயலியை நிறுவும்போதே எச்சரிக்கை வருகிறது, அல்லது 'ஆப் நாட் இன்ஸ்டால்ட்' என்கிறது

ஆண்ட்ராய்டு 10 முதல், புதிய விதிகளின்படி உருவாக்கப்படும் செயலி, தன் அடைவில் தானே இறக்கிவைத்த நிரலை இயக்க முடியாது. டெர்மக்ஸின் வேலையே நிரல்களை இறக்கி இயக்குவது என்பதால், அதை உருவாக்குகிறவர்கள் அதனைப் பழைய விதிகளின் கீழேயே வேண்டுமென்று வைத்திருக்கிறார்கள். அதனால்தான் பிளே ஸ்டோரில் இருந்த பதிப்பு 2020-க்குப் பிறகு நெடுங்காலம் புதுப்பிக்கப்படாமல் நின்றது. 'பழைய ஆண்ட்ராய்டுக்காக உருவாக்கப்பட்ட செயலி' என்று பிளே புரொடெக்ட் எச்சரிப்பதற்கும் காரணம் இதுதான். கட்டற்ற செயலிகளைத் தரும் எஃப்-டிராய்ட் தளத்திலிருந்தோ டெர்மக்ஸின் கிட்ஹப் பக்கத்திலிருந்தோ நீங்களே இறக்கியிருந்தால் அந்த எச்சரிக்கையைக் கடந்து நிறுவலாம். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏபிகே கோப்பாக (செயலியை நிறுவும் கோப்பாக) இருந்தால் கடக்கக் கூடாது.

'ஆப் நாட் இன்ஸ்டால்ட்' என்பது வேறு சிக்கல். ஒவ்வொரு மூலத்திலிருந்தும் வரும் டெர்மக்ஸ் வெவ்வேறு கையொப்பச் சாவியால் முத்திரையிடப்பட்டது. ஒன்றின் மேல் இன்னொன்றை நிறுவ ஆண்ட்ராய்டு விடாது. டெர்மக்ஸ் ஏபிஐ, டெர்மக்ஸ் விட்ஜெட் போன்ற துணைச் செயலிகளும் முதன்மைச் செயலி வந்த அதே இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். மூலத்தை மாற்ற வேண்டும் என்றால் இருக்கும் டெர்மக்ஸையும் துணைச் செயலிகளையும் முழுதாக நீக்கியே ஆக வேண்டும். நான் முதலில் சொன்ன அந்த ஒரே நிலை இதுதான். நீக்கும் முன் உங்கள் கோப்புகளைக் கைபேசியின் பொதுச் சேமிப்புக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். எப்படி என்பது கீழே வருகிறது.

டெர்மக்ஸின் இப்போதைய கருவிகள் ஆண்ட்ராய்டு 7-க்குக் கீழே ஓடா. ஐபோனில் டெர்மக்ஸ் இல்லை. அங்கே ஐஎஸ்எச், ஏ-ஷெல் என்னும் செயலிகள் உண்டு, ஆனால் அவற்றின் அமைப்பு வேறு, இக்குறிப்புகள் அவற்றுக்குப் பொருந்தா.

அறிகுறி: கட்டளையை அடித்தால் பதிலே வரவில்லை

"ஏனுங்ணா, அடிச்சா ஒன்னுமே சொல்லமாட்டீங்குதுங்க" என்று கேட்கும் தம்பிகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது, சொல்லாமலிருப்பது பல நேரங்களில் வெற்றி என்பதே. நகலெடுக்கும் 'சிபி', இடம் மாற்றும் 'எம்வி', அடைவை உருவாக்கும் 'எம்கேடிஐஆர்' ஆகியவை வேலை முடிந்தால் எதையும் அச்சிடுவதில்லை. டாலர் குறி மறுபடி வந்து நின்றால் வேலை முடிந்தது என்று பொருள். ஐயமிருந்தால் 'எல்எஸ்' அடித்துக் கோப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டாலர் குறி வராமல் வரியின் தொடக்கத்தில் '>' குறி மட்டும் நின்றால், மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருக்கிறீர்கள்; மீதி வரிக்காக ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) காத்திருக்கிறது. எந்தக் குறியும் இல்லாமல் வெறும் கட்டம் மட்டும் மினுக்கினால், 'கேட்' போன்ற கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுக்க மறந்திருப்பீர்கள். அது உங்கள் தட்டச்சையே உள்ளீடாக எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டிலும் கண்ட்ரோல்-சி அடித்து வெளியேறலாம். கைபேசித் தட்டுப்பலகையில் கண்ட்ரோல் இல்லையென்றால், ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே சி எழுத்தைத் தட்டினால் அதுவே கண்ட்ரோல்-சி. ஒலியைக் கூட்டும் பொத்தானோடு க்யூ எழுத்தைத் தட்டினால், திரையின் அடியில் எஸ்கேப், டேப், கண்ட்ரோல் ஆகிய கூடுதல் விசைகளின் வரிசை தோன்றும் அல்லது மறையும். சில தட்டுப்பலகைகளில், நீங்கள் அடித்த சொல் இடைவெளிப் பொத்தானை அழுத்தும்வரை திரையில் வராது. அப்போது வேறொரு தட்டுப்பலகையைப் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்' அல்லது களஞ்சியம் கிடைக்கவில்லை என்கிறது

இதற்குக் காரணம் மூன்று. பேக்கேஜ் என்பது நிறுவக்கூடிய கருவித் தொகுப்பு, களஞ்சியம் என்பது பேக்கேஜ்களை வைத்திருக்கும் தளம். புதிதாக நிறுவியவர்களிடம் மிகுதியாகக் காண்பது, பேக்கேஜ் பட்டியலையே இன்னும் இறக்காமலிருப்பது. 'பிகேஜி அப்டேட்' அடித்தால் தீரும். இரண்டாவது, பழைய பதிப்பு. டெர்மக்ஸின் பேக்கேஜ்கள் முன்பு பின்ட்ரே என்னும் சேவையில் இருந்தன. அந்தச் சேவை 2021 மே 1 அன்று மூடப்பட்டது. அதற்கு முந்தைய டெர்மக்ஸை இன்னும் வைத்திருப்பவர்களின் கைபேசி, இல்லாத முகவரியைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். புதிய பதிப்பிலும் குறிப்பிட்ட ஒரு நகல் தளம் சில வேளை முடங்கும். 'டெர்மக்ஸ்-சேஞ்ச்-ரெப்போ' என்று அடித்து வேறு நகல் தளத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி 'பிகேஜி அப்டேட்' அடியுங்கள்.

மூன்றாவது காரணம் பெயர். கட்டளையின் பெயரும் அது அடங்கிய பேக்கேஜின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'எஸ்எஸ்எச்' கட்டளை 'ஓபன்எஸ்எஸ்எச்' என்ற பேக்கேஜில் இருக்கிறது. பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்தை எடுக்கும் 'பிடிஎஃப்டுடெக்ஸ்ட்' கட்டளையும், பல பிடிஎஃப்களை ஒன்றாக்கும் 'பிடிஎஃப்யுனைட்' கட்டளையும் 'பாப்ளர்' என்பதில் இருக்கின்றன. நிறுவாத கட்டளையை அடித்தால் எந்தப் பேக்கேஜை நிறுவ வேண்டும் என்று டெர்மக்ஸே பெரும்பாலும் சொல்லிவிடும். அந்த வரியைப் படிக்காமல் திரையைத் துடைத்துவிடாதீர்கள்.

சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றோ காலாவதியாகிவிட்டது என்றோ வந்தால், களஞ்சியத்தைக் குறை சொல்லும் முன் கைபேசியின் தேதியைப் பாருங்கள். பாதுகாப்பான இணைப்பின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கைபேசியின் கடிகாரம் தவறான ஆண்டில் நின்றால் எந்தத் தளத்தையும் அது நம்பாது.

அறிகுறி: நேற்று ஓடிய கருவி இன்று 'கேனாட் லிங்க் எக்ஸிகியூட்டபிள்' என்கிறது

எல்லாவற்றினும் அதிகமாகச் செயலியை நீக்கத் தூண்டுவது இந்தச் செய்திதான். பொறுமையாகப் படித்தால், குறிப்பிட்ட ஒரு நூலகக் கோப்பு கிடைக்கவில்லை என்றோ, அதில் ஒரு குறியீடு இல்லை என்றோ அதிலேயே எழுதியிருக்கும். டெர்மக்ஸின் பேக்கேஜ்கள் தொடர்ந்து புதுப்பிக்கப்படுபவை, ஒன்றையொன்று சார்ந்தவை. பழைய கருவிகளை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் புதிதாக நிறுவினால், அது தன்னோடு புதிய நூலகத்தைக் கொண்டுவந்துவிடும். அந்த நூலகத்தின் பழைய பதிப்பை நம்பியிருந்த மற்றக் கருவிகள் நின்றுபோகும். ஆகவே எதையும் நிறுவும் முன் 'பிகேஜி அப்கிரேட்' அடித்து எல்லாவற்றையும் ஒருசேரப் புதுப்பிப்பதே முறை. டேட்டா செலவாகும் என்று இதைத் தவிர்க்கிறார்கள். தவிர்ப்பதால்தான் இந்தப் பிழையே வருகிறது.

புதுப்பித்தல் பாதியில் அறுந்தாலும் இதே நிலை வரும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் வீட்டு வைஃபை நின்றுபோகலாம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும் பேருந்தில் சிக்னல் வந்து வந்து போகலாம். இணைப்பு திரும்பியபின் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' அடித்து, அரைகுறையாக நிற்பவற்றை முடித்துவிட்டு, மறுபடி 'பிகேஜி அப்கிரேட்' அடியுங்கள். நடுவில் ஓர் அமைப்புக் கோப்பைப் பற்றி ஒய், ஐ, என், ஓ, டி, இசட் என்று எழுத்துகளை அடுக்கிக் கேள்வி கேட்டு நிற்கும். அது உறைந்துபோகவில்லை, உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறது. எண்டர் அழுத்தினால் ஏற்கெனவே உள்ள அமைப்பே நீடிக்கும்.

'பிகேஜி' கட்டளையே ஓடவில்லையென்றால் 'ஏபிடி அப்டேட்', பிறகு 'ஏபிடி ஃபுல்-அப்கிரேட்' என்று நேரடியாக அடித்துப் பாருங்கள். அதுவும் ஓடவில்லையென்றாலும் செயலியை நீக்க வேண்டியதில்லை. டெர்மக்ஸின் அடைவுக்குள் இரண்டு கிளைகள் உண்டு: 'ஹோம்' என்பதில் உங்கள் கோப்புகள், 'யுஎஸ்ஆர்' என்பதில் நிறுவிய கருவிகள். கெட்டுப்போனது இரண்டாவது கிளை மட்டுமே. திரையின் இடது ஓரத்திலிருந்து இழுத்து, புதிய செஷன் பொத்தானை நீள அழுத்தி, 'ஃபெயில்சேஃப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது டெர்மக்ஸின் கருவிகளை நம்பாமல் ஆண்ட்ராய்டின் சொந்த ஷெல்லில் திறக்கும். அங்கே 'ஆர்எம் -ஆர்எஃப்' கட்டளைக்குப் பின் ஓர் இடம் விட்டு '/டேட்டா/டேட்டா/காம்.டெர்மக்ஸ்/ஃபைல்ஸ்/யுஎஸ்ஆர்' என்ற பாதையை அடித்து, எண்டர் தட்டும் முன் பாதை 'யுஎஸ்ஆர்' என்று முடிகிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். 'ஃபைல்ஸ்' என்பதோடு நின்றுவிட்டால் உங்கள் கோப்புகளும் போய்விடும். பிறகு டெர்மக்ஸை முழுதாக மூடித் திறந்தால் அடிப்படைக் கருவிகள் புதிதாக அமைந்துவிடும், 'ஹோம்' அப்படியே இருக்கும்.

அறிகுறி: கேலரியில் உள்ள படமும் டவுன்லோட் கோப்பும் டெர்மக்ஸில் தெரியவில்லை

'டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்' அடித்து, கேட்கும் அனுமதியைக் கொடுங்கள். ஹோம் அடைவில் 'ஸ்டோரேஜ்' என்று ஒன்று தோன்றும். அதற்குள் 'டவுன்லோட்ஸ்', 'டிசிஐஎம்', 'ஷேர்ட்' முதலியவை பொதுச் சேமிப்புக்கு வழிகாட்டும் இணைப்புகளாக இருக்கும். அனுமதி கொடுத்தும் 'பெர்மிஷன் டினைட்' என்றே வந்தால் (ஆண்ட்ராய்டு 11 முதல் இது நேர்வதுண்டு), கைபேசியின் அமைப்புகளுக்குப் போய் டெர்மக்ஸின் சேமிப்பு அனுமதியை ஒருமுறை விலக்கிவிட்டு மீண்டும் கொடுத்தால் சரியாகும்.

நகலெடுப்பதற்கு வசதியாக, உங்கள் வேலைகளையெல்லாம் ஹோமில் 'வேலை' என்று ஆங்கில எழுத்துகளில் பெயரிட்ட ஒரே அடைவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'சிபி -ஆர் வேலை ஸ்டோரேஜ்/டவுன்லோட்ஸ்/' என்ற ஒரே கட்டளை முழுவதையும் வெளியே கொண்டுபோய்விடும்.

அறிகுறி: ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருந்தும் ஓடவில்லை

வரும் செய்தியின் சொற்களைப் பொறுத்துக் காரணம் மாறும். 'பெர்மிஷன் டினைட்' என்றால் முதலில் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எங்கே இருக்கிறது என்று 'பிடபிள்யூடி' அடித்துப் பாருங்கள். பொதுச் சேமிப்பில் உள்ள எந்தக் கோப்பையும் நிரலாக இயக்க ஆண்ட்ராய்டு இடம் கொடுப்பதில்லை. அங்கே 'சிஎச்மாட் +எக்ஸ்' அடித்தாலும் பயனில்லை. ஸ்கிரிப்டை ஹோமுக்கு நகலெடுத்து, அங்கே 'சிஎச்மாட் +எக்ஸ்' அடியுங்கள். பொதுச் சேமிப்பில் குறியீட்டு இணைப்புகளையும் உருவாக்க முடியாது என்பதால், கிட், நோட்ஜேஎஸ் வேலைகளையும் ஹோமிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்றால், ஸ்கிரிப்டின் முதல் வரி வழக்கமான லினக்ஸ் பாதையைச் சொல்கிறது. ஆண்ட்ராய்டில் அந்தப் பாதை இல்லை. 'டெர்மக்ஸ்-ஃபிக்ஸ்-ஷீபேங்' என்பதோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் முதல் வரி திருத்தப்படும். விண்டோஸ் கணினியில் எழுதி அனுப்பிய ஸ்கிரிப்ட் என்றால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் எழுத்து ஒன்று இருக்கும். 'டாஸ்2யுனிக்ஸ்' கட்டளை அதை அகற்றும்.

இணையத்திலிருந்து இறக்கிய ஆயத்த நிரல் 'எக்ஸிக் ஃபார்மேட் எரர்' என்று சொன்னால் அது வேறு வகைப் பிராசசருக்கு (கருவியின் மையச் சில்லுக்கு) உருவாக்கப்பட்டது. 'யூநேம் -எம்' அடித்தால் உங்கள் கைபேசியின் வகை தெரியும்: 'ஏஆர்ச்64' என்றால் 64 பிட், 'ஏஆர்எம்வி7எல்', 'ஏஆர்எம்வி8எல்' என்றால் 32 பிட். இன்டெல் கணினிக்கான கோப்பு இவற்றுள் எதிலும் ஓடாது. வகை சரியாக இருந்தும், கோப்பு எதிரே இருக்கையிலேயே 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வந்தால், அந்த நிரல் தேடுவது தன்னை ஏற்றிவிடும் லினக்ஸ் ஏற்றியை. ஆண்ட்ராய்டு பயன்படுத்துவது பயோனிக் என்னும் வேறு நூலகம் என்பதால் அந்த ஏற்றி இங்கே இல்லை. அதே கருவி 'பிகேஜி சர்ச்' தேடலில் கிடைத்தால் அதையே நிறுவுங்கள். கிடைக்காவிட்டால் 'பிரூட்-டிஸ்ட்ரோ' வழியாக டெபியனையோ உபுண்டுவையோ டெர்மக்ஸுக்குள் நிறுவி அதில் ஓட்டலாம். இதற்காகவும் வேறு எதற்காகவும் கைபேசியை ரூட் செய்யச் (அதன் முழு நிர்வாக அதிகாரத்தைத் திறந்துவிடச்) சொல்லும் அறிவுரைகளைக் கேட்க வேண்டாம். ரூட் செய்த கைபேசியில் வங்கிச் செயலிகள் பல ஓட மறுக்கும். அன்றாடம் யுபிஐயில் பணம் வாங்கும் கடைக்காரருக்கு அது பெரும் இழப்பு.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்தது 'சிக்னல் 9' என்று திடீரென நின்றுவிடுகிறது

நிரலில் தவறில்லை, ஆண்ட்ராய்டுதான் அதை நிறுத்தியது. ஆண்ட்ராய்டு 12 முதல், செயலிகள் தாமாகப் பிறப்பிக்கும் துணைச் செயல்கள் கைபேசி முழுவதற்கும் சேர்த்து 32-ஐத் தாண்டினால் கூடுதலானவை கொல்லப்படும். ஆண்ட்ராய்டு 14 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'டிஸேபிள் சைல்ட் பிராசஸ் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்பதை இயக்கினால் இது தீரும். பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் அந்தப் பகுதி திறக்கும். அத்துடன் டெர்மக்ஸின் பேட்டரி அமைப்பைக் கட்டுப்பாடற்றதாக மாற்றி, நீண்ட வேலைக்கு முன், கைபேசி உறங்கிவிடாமல் தடுக்கும் 'டெர்மக்ஸ்-வேக்-லாக்' அடியுங்கள். வேலை முடிந்தபின் 'டெர்மக்ஸ்-வேக்-அன்லாக்' அடிக்க மறந்தால் பேட்டரி விரைவில் தீரும்.

அறிகுறி: ஏபிஐ கட்டளைகள் பதிலின்றித் தொங்குகின்றன

'டெர்மக்ஸ்-பேட்டரி-ஸ்டேட்டஸ்' போன்றவற்றுக்கு இரண்டு பகுதிகள் வேண்டும்: 'டெர்மக்ஸ்-ஏபிஐ' பேக்கேஜ் ஒன்று, அதே பெயருள்ள தனிச் செயலி மற்றொன்று. செயலி இல்லாமல் பேக்கேஜ் மட்டும் இருந்தால் கட்டளை வராத பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: தமிழ்ச் சொல்லைத் தேடினால் கோப்பில் இருந்தும் கிடைக்கவில்லை

இதற்கு ஆங்கில வழிகாட்டிகளில் விடை கிடைப்பது அரிது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தின் அன்றாட விலையை ஒரு கோப்பில் ஊர், வகை, குவிண்டால் விலை என்று வரிவரியாகக் குறித்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சொல்லைத் தேடும் 'கிரெப்' கட்டளைக்கு 'விரலி' என்பதையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் விரலி மஞ்சளின் வரிகள் எல்லாம் வருகின்றன. ஆனால் அதேபோல் 'கோபி' என்று தேடினால் சில வரிகள் மட்டும் விடுபடுகின்றன. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும்.

காரணம் குறியாக்கத்தில் இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு வகையாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ககரத்தோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து. திரையில் இரண்டும் ஒன்றே; கிரெப் ஒப்பிடுவதோ பைட்டுகளை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் என்பதால், முதல் வகையில் 'கோபி' 4 குறிகள், 12 பைட்டுகள். இரண்டாம் வகையில் 5 குறிகள், 15 பைட்டுகள். ஐயமுள்ள சொல்லை நகலெடுத்து 'எக்கோ' வழியாக 'டபிள்யூசி -எம்' கட்டளைக்கு அனுப்பிப் பாருங்கள். வரிமுடிவும் ஒன்றாக எண்ணப்படும் என்பதால் 5 என்று வந்தால் முதல் வகை, 6 என்று வந்தால் இரண்டாம் வகை. பிடிஎஃப்பிலிருந்து எடுத்த எழுத்திலும், வேறு வேறு தட்டுப்பலகைகளில் பலர் சேர்ந்து நிரப்பிய பட்டியலிலும் இந்தக் கலப்பு வரலாம். கொடுமுடி, கொமாரபாளையம், கோயம்புத்தூர் என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களில் ஒகர ஓகாரங்கள் நிறையவே உண்டு.

பைத்தானை நிறுவி, அதன் 'யூனிகோட்டேட்டா' தொகுதியில் உள்ள 'நார்மலைஸ்' செயல்கூறுக்கு 'என்எஃப்சி' என்ற வடிவத்தையும் கோப்பின் உள்ளடக்கத்தையும் கொடுத்தால், எல்லாம் முதல் வகைக்கு மாறிவிடும். மாற்றியதைப் புதிய பெயரில் சேமித்து, இரண்டிலும் தேடி ஒப்பிட்டபின் பழையதை நீக்குங்கள். ஔகாரத்துக்கு மட்டும் இது முழுத் தீர்வு ஆகாது: 'பௌர்ணமி' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்போடு ளகர எழுத்தை அடித்திருந்தால், அது யூனிகோடின் கண்ணில் வேறு சொல்லே, அதைத் தேடித் தனியாகத்தான் திருத்த வேண்டும்.

திரையில் தமிழ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ இடைவெளி விட்டோ தெரிவதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டெர்மினல் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டத்தை ஒதுக்குவது. தமிழ்க் குறிகள் அந்தக் கட்டத்துக்குள் எப்போதும் அடங்குவதில்லை. கோப்பைப் பொதுச் சேமிப்புக்கு நகலெடுத்து வேறொரு உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் கோப்பில் பிழையில்லை, டெர்மக்ஸில் எதையும் மாற்ற வேண்டியதும் இல்லை.